மாலை நான்கு மணிப் பசி

மாலையில் பள்ளி விடும் மணி அடித்ததும் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது எது? வீட்டுப்பாடமா? மறுநாள் தேர்வா? ஒளிக்காமல் சொல்வதென்றால் பசிதான். மதியம் உண்ட சாம்பார் சாதம் கணக்குப் பாடவேளையோடு கரைந்து போய்விடுகிறது. பல்லாவரத்தில் பேருந்து மாறிப் பம்மல் வழியாகப் பொழிச்சலூருக்கு நான் வந்து சேரும் நேரத்தில் தள்ளுவண்டிக்காரர்கள் அடுப்பைப் பற்றவைக்கத் தொடங்கியிருப்பார்கள். ஓரிடத்தில் பானிபூரி, அடுத்த இடத்தில் பஜ்ஜி, அதற்கும் அப்பால் ‘பாஸ்ட் புட்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதிய வண்டி. அந்த வண்டியில் இரும்புச் சட்டியும் கரண்டியும் மோதும் ஓசை, எங்கள் ஊருக்கு மேலே தாழப் பறந்து இறங்கும் விமானத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்கும். நம்ப மாட்டீர்கள். ஆனால் பசித்தவர்களுக்குக் கேட்கும்.

இந்த மலருக்காக உணவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி எங்கள் அறிவியல் சிஸ்டர் என்னைப் பணித்தபோது, ‘துரித உணவின் தீமைகள்’ என்று தலைப்பிட்டு ஒன்று, இரண்டு என எண் போட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். அப்படிப்பட்ட கட்டுரையை நாம் ஆறாம் வகுப்பிலிருந்தே எழுதி வருகிறோம். எழுதி முடித்த அன்று மாலையே வண்டிக்கடைக்குப் போயும் வருகிறோம். ஆகவே இம்முறை வேறு விதமாகத் தொடங்குகிறேன். தொடங்குவது என் இரத்தத்திலிருந்து.

சென்ற ஆண்டு நடந்த மருத்துவ முகாமில் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். என் சீட்டில் ஹீமோகுளோபின் 9.1 கிராம் என்று எழுதியிருந்தது. நம் வயதுப் பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அதற்குக் குறைந்தால் இரத்தசோகை. சீட்டை வாங்கிப் பார்த்த என் அம்மாவுக்கு ஒரே திகைப்பு.

“மூணு வேளையும் நல்லாத்தானே சாப்பிடறா டாக்டர்? ராத்திரி பிரைட் ரைஸ் ஒரு பிளேட்டு முழுசா காலி பண்றாளே!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அதுல வயிறு நிறையும்மா. ரத்தம் நிறையாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுல என்னென்ன சாப்பிடறேன்னு ஒரு மாசம் எழுதிக்கிட்டு வா” என்றார்.

எழுதினேன். அந்த நோட்டை இப்போது புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. முப்பது நாளில் பதினேழு நாள் மாலையில் ஏதாவது ஒரு வண்டிக்கடைப் பண்டம். நூடுல்ஸ், காலிபிளவர் சில்லி, பானிபூரி, பப்ஸ், சமோசா, இரண்டு முறை ஷவர்மா. உடன் பெரும்பாலும் டீ அல்லது குளிர்பானம். ஆறு நாள் இரவுச் சாப்பாடே பார்சல். ஒரு மாதம் முழுவதும் நான் உண்ட கீரை இரண்டு கரண்டி. பழம் ஒரே ஒரு வாழைப்பழம். அதுவும் ஆயா வற்புறுத்தியதால்.

இரத்தசோகை எனக்கு மட்டும் வந்த நோயன்று. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இது இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு உண்டு. அப்படியானால் நம் வகுப்பில் ஒரு பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருத்திக்கு இருக்கலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவதும், இரண்டாம் பாடவேளையிலேயே கண் சொக்குவதும் சோம்பல் என்று திட்டு வாங்கித் தருகின்றன. பல வேளைகளில் அது சோம்பலன்று. உடலின் மூலை முடுக்கெல்லாம் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். அது இல்லாதபோது மூளைக்கும் தசைக்கும் போக வேண்டிய உயிர்வளி குறைகிறது. மாதந்தோறும் இரத்தத்தை இழக்கும் நமக்குத் தேவை கூடுதல். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் தீட்டிய வெள்ளை அரிசியில் இருப்பதோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மைதாவிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. என் நோட்டிலிருந்த பண்டங்களில் பாதிக்கு மேல் மைதா, மீதி வெள்ளை அரிசி!

அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி. அது பிறந்தது நம் தமிழ்நாட்டில், நீலகிரி மலையிலுள்ள குன்னூரில். 1918ஆம் ஆண்டு, அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் ‘பெரிபெரி’ நோயை ஆராய ஒரு சிறிய பிரிவாக இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். 1958இல்தான் ஐதராபாத்துக்கு மாறியது. மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, நாட்டின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், தயிர், பருப்பு, பச்சைக் காய்கறி என்று பஞ்சாபியர் உண்பதைத் தின்ற எலிகள் நோய்நொடியின்றி வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்றவை மெலிந்தன. இது நமக்குப் பெருமை தரும் முடிவன்று. என்றாலும் மறைப்பானேன்? வேறொரு கூட்டத்துக்கு அவர் இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உணவைக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை கலந்த டீ, டின்னில் அடைத்த இறைச்சி, ஜாம், வேகவைத்துச் சக்கையாகிய காய். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றியதோடு, எரிச்சல் கொண்டு பராமரித்தவர்களையே கடித்தன. பிறகு தம்முள் வலுவற்றவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின!

மார்கரினை டால்டாவாகவும், வெள்ளை ரொட்டியைப் பரோட்டாவாகவும் மாற்றினால் அது என் நோட்டின் ஒரு பக்கம்போல் இருக்கிறது என்று நான் சொன்னபோது, என் தம்பி, “அதனாலதான் நீ என்னைக் கடிக்கிறியா?” என்று கேட்டான்.

சரி, ‘கடைப் பண்டமே வேண்டாம்’ என்று விட்டுவிடலாமே என்று பெரியோர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அம்மா தாம்பரம் சானடோரியம் பக்கம் தையல் வேலைக்குப் போகிறார். வீடு திரும்ப ஏழரை மணியாகும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். “சரி, வேணாம். நான் வந்து உலை வெச்சு இறக்கறதுக்குள்ள ஒன்பது ஆயிடும். அதுவரைக்கும் நீயும் உன் தம்பியும் பட்டினி கிடப்பீங்களா? இல்ல, நான் வேலையை விட்டுடட்டுமா?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கடைச் சாப்பாட்டைத் திட்டி எழுதப்படும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை என்று அன்றுதான் தோன்றியது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் நிறைந்த எங்கள் தெருவில் அந்த வண்டிக்கடை வீண் ஆடம்பரமன்று, ஓர் அடுப்பு. ஆகவே போவதா வேண்டாமா என்ற கேள்வியை விட்டுவிட்டேன். போனால் எதைக் கேட்பது, எதை மறுப்பது என்று கற்றுக்கொள்ள முடிவு செய்தேன். இரண்டு வாரம் மாலைதோறும் தோழி ஒருத்தியும் நானும் வண்டிகளின் அருகில் நின்று பார்த்தோம். ‘ஏதாவது வாங்குங்க, சும்மா நிக்காதீங்க’ என்று இரண்டு கடைக்காரர்கள் விரட்டினார்கள். மூன்றாமவர் பொறுமைசாலி. அவரிடம் கற்றதையே முதலில் சொல்கிறேன்.

அவருடைய சட்டியில் ஒரு தட்டு பிரைட் ரைஸுக்கு எண்ணெய் ஒரு கரண்டி. எங்கள் வீட்டில் அதே அளவுள்ள கரண்டியில் தண்ணீர் மொண்டு மருந்து அளக்கும் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். 30 மில்லி. அதாவது ஏறத்தாழ 27 கிராம் எண்ணெய். 2024ஆம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம் போதும் என்றிருக்கிறது. காலைத் தோசைக்கும் மதியப் பொரியலுக்கும் சேர்த்துள்ள ஒரு நாள் பங்கு முழுவதும் அந்த ஒரு கரண்டியில் தீர்ந்துவிடுகிறது! பிறகு சோயா சாஸ். அதில் ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிப்பது ஐந்து கிராமுக்குக் குறைவாக. அதன்மேல் அவர் மூன்று விரலால் உப்பையும் அள்ளிப் போட்டார்.

“அண்ணா, எண்ணெய் பாதி போடுங்க. சாஸ் பாதி. தனியா உப்பு வேணாம். கலர் வேணவே வேணாம். முட்டை ரெண்டா உடைச்சு ஊத்தி, கோஸும் கேரட்டும் ரெண்டு பிடி போடுங்க. காசு கூட ஆனாலும் பரவால்ல” என்றேன் ஒரே மூச்சில்.

அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். “எண்ணெய் விக்கிற விலையில எல்லாரும் இப்படிக் கேட்டா எனக்குத்தாம்மா லாபம்” என்றார். முட்டைக்கு மட்டும் கூடுதலாக வாங்கிக்கொண்டார். ருசி குறைந்ததா என்று கேட்பீர்கள். முதல் நாள் குறைந்ததுபோல் இருந்தது. நான்காம் நாள் தெரியவில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. காய் இரட்டிப்பானால் சோறு தானாகக் குறைகிறது.

கேட்டால் மாற்றித் தருவார்கள் என்பதே எனக்குப் புதுப் பாடம். நாம் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். பேச்சுப் போட்டியில் மேசையைத் தட்டிப் பேசும் நாம், தள்ளுவண்டி முன்னால் ஊமையாகிவிடுகிறோம்.

இங்கே அஜினமோட்டோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் எல்லாரும் அதை விஷம் என்கிறார்கள். தேடிப் படித்ததில் தெரிந்தது வேறு. 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியல் அறிஞர் கடற்பாசிச் சாற்றின் சுவையை ஆராய்ந்து கண்டறிந்த உப்பு அது. அதிலுள்ள குளூட்டமேட் தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. அதில் சோடியம் சமையல் உப்பிலுள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வழக்கமான அளவில் அது நஞ்சென்று நிலைநாட்டப்படவில்லை. ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே சுவையாக்கிக் காட்ட அது உதவும். அந்த ஒரு காரணத்துக்காக நான் ‘வேண்டாம்’ என்கிறேன். அதையே திட்டிக்கொண்டு எண்ணெயையும் உப்பையும் கவனிக்காமல் விடுவது, திருடனை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடிப்பது போன்றது.

பயப்பட வேண்டியவை வேறு சில உண்டு. முதலாவது நிறம். 2024 பிப்ரவரியில் நம் மாநில அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். சோதனைக்கு எடுத்தவற்றில் ‘ரோடமின் பி’ என்னும் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. அது துணிக்குப் போடும் சாயம். எங்கள் பக்கத்து ஊரான அனகாபுத்தூர் நெசவாளர்களின் ஊர். அங்கே சாயம் நூலில் ஏறுவதைப் பார்த்தவர்கள் அது நாக்கில் ஏறுவதை விரும்பமாட்டார்கள். அடுத்த மாதமே கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்களைச் சேர்க்கக் கூடாதென்றது. அங்கே எடுத்த மாதிரிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பாதுகாப்பற்ற நிறம் இருந்ததாம். உண்ட பிறகு கைக்குட்டையில் துடைத்தால் துவைத்தாலும் போகாத சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மிளகாய்த்தூள் அவ்வாறு பிடிவாதம் செய்யாது. (தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு கோபி மஞ்சூரியன் இரண்டு தட்டு உண்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன்.)

இரண்டாவது, ஷவர்மாவும் மயோனைசும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயது மாணவி இறந்துபோனாள். நம்மைப்போல் பள்ளிக்கூடம் போய்வந்து கொண்டிருந்தவள். அந்தச் செய்தி வந்த வாரம் நாங்கள் யாரும் அப்பக்கம் போகவில்லை. மறுவாரம் போனோம். ஆகவே இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். கம்பியில் சுழலும் இறைச்சி அடுக்கில் வெளிப்புறம் மட்டுமே நெருப்புக்கு அருகில் இருக்கிறது. உட்புறம் மெல்லத்தான் வேகும். கூட்டம் இல்லாத கடையில் வெந்த வெளிப்பகுதியை மட்டும் சீவிவிட்டு அடுத்த அடுக்கு வேகும்வரை காத்திருப்பார்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிடுகிறது. அரைவேக்காட்டு இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிர்கள் சாவதில்லை. உட்பகுதி 70 டிகிரி செல்சியசைத் தொட்டால்தான் அச்சம் இல்லை. சமைத்ததை ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் வெகுநேரம் வைத்தாலும் அவை பெருகும். நம் சென்னை மாலைகள் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. மயோனைஸ் என்பது எண்ணெயும் பச்சை முட்டையும் சேர்த்து அடித்தது. அடுப்பையே காணாதது. இதனால்தான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைசைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபரில் தடை செய்திருந்தது. நான் இப்போது செய்வது இதுதான்: மயோனைஸ் எந்த வகையாயினும் வேண்டாம் என்கிறேன். சீவிய இறைச்சியைக் கல்லில் போட்டு இன்னொரு முறை புரட்டித் தரச் சொல்கிறேன். மறுத்தால் வாங்குவதில்லை. அதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போய் இரவு பத்து மணிக்கு உண்பதும் இல்லை.

மூன்றாவது எண்ணெய். பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கிறதா, காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் உடலுக்கு ஆகாத கூட்டுப்பொருள்கள் சேர்கின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாட்டில் சட்டம். நம்மிடம் அளக்கும் கருவி இல்லை. ஆனால் நுரை, புகை, கசந்த நெடி மூன்றையும் கண்ணும் மூக்கும் காட்டிக் கொடுத்துவிடும். மாலை ஐந்து மணிக்குச் சட்டி கறுத்திருந்தால் அது நேற்றைய எண்ணெய் என்று பொருள். செய்தித்தாளில் வைத்து எண்ணெயைப் பிழிந்து உண்பது ஆரோக்கியம் என்று நினைக்கிறோம். அச்சுமையும் சேர்ந்து வருகிறது. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உணவைச் செய்தித்தாளில் பொதிவதே தவறு. வாழையிலை கேட்டால் பல வண்டிகளில் இருக்கிறது.

குளிர்பானத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நான் பார்த்த கோலா பாட்டிலின் பின்புறம் 100 மில்லிக்குச் சர்க்கரை ஏறக்குறைய 11 கிராம் என்று அச்சிட்டிருந்தது. 250 மில்லி குடித்தால் கணக்கு உங்களுக்கே தெரியும். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாதென 2020இல் ஒரு விதி வந்தது. ஐம்பது மீட்டர் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தேன். என் காலடியில் எழுபத்தைந்து. பசித்த பெண்ணுக்கு அது ஒரு நிமிடத் தூரம்கூட இல்லை.

இனி என் 9.1க்கு வருகிறேன். மேலே சொன்னவையெல்லாம் கெடுதலைக் குறைக்கும் வழிகள். இரத்தத்தைக் கூட்டுவது எது? இதற்கான விடை மெரினாக் கடற்கரையில் காலங்காலமாக விற்கப்படுகிறது என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல்! பட்டாணியில் இரும்பும் புரதமும் இருக்கின்றன. தாவரத்திலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்காது. புளிப்பான மாங்காயிலுள்ள வைட்டமின் சி அதை ஏற்கச் செய்கிறது. எந்த டாக்டரும் எழுதித் தராமலேயே நம் ஊர்ச் சுண்டல்காரர் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிவிட்டார். மாங்காய் இல்லாத காலத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும். கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னும் நல்லது. 100 கிராம் உலர்ந்த கடலையில் ஐந்தாறு மில்லிகிராம் இரும்பு உண்டு. அவித்த வேர்க்கடலை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது வெயிலில் குடிக்கும் கேழ்வரகுக் கூழ், ஆவியில் வெந்த இட்லி, முருங்கைக்கீரை போட்ட அடை, இவையெல்லாம் காத்திருக்காமல் கிடைப்பவைதாமே? நம் பாட்டிமார் அவற்றைத் துரித உணவு என்று அழைக்காததால் நமக்கு அவற்றின் மேல் மதிப்பில்லை. பெயர்ப்பலகையில் சிவப்பு எழுத்தும் இல்லை.

ஒரு சிறு தவற்றைத் திருத்தியதே எனக்குப் பெரிய பயன் தந்ததாக டாக்டரம்மா சொன்னார். சுண்டலோடு டீ குடிப்பதுதான் அது. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தத் தொல்லை குறையும். மாலையில் வடையும் டீயுமாக நிற்கும் நம் அப்பாக்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதிய ஏற்பாடு. இரவில் ஆயா கொண்டைக்கடலையையோ பச்சைப்பயற்றையோ ஊற வைக்கிறார். காலையில் அம்மா வேலைக்குப் புறப்படுமுன் குக்கரில் மூன்று விசில் விட்டுவிடுகிறார். நான் மாலையில் வந்து தாளித்து, எலுமிச்சை பிழிந்து, தம்பிக்கும் கொடுத்து நானும் உண்கிறேன். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. வண்டிக்கடைக்குப் போவது நின்றுவிட்டதா? இல்லை. பதினேழு நாள் ஆறு நாளாகிவிட்டது. பசியோடு போகாமல் சுண்டல் உண்ட பிறகு போவதால், முழுத் தட்டை நானும் தம்பியும் பகிர்ந்து கொள்கிறோம். அவன் முட்டையைப் பொறுக்குகிறான் என்பது தனி வழக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை நானும் என் தோழியரும் எத்தனையோ முறை வாயில் போடுவதுபோல் பாவனை செய்து சாளரத்துக்கு வெளியே எறிந்திருக்கிறோம். குமட்டுகிறது என்பது காரணம். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் அவ்வளவாகக் குமட்டாது என்று பிறகு தெரிந்தது. செம்பருத்திச் செடியின் அடியில் கிடந்த மாத்திரைகளை வெகுநாள் முன்பே பார்த்தும் எங்களைக் காட்டிக் கொடுக்காத தோட்டக்காரத் தாத்தாவுக்கு இங்கே நன்றி கூறிக்கொள்கிறேன்.

மூன்று மாதம் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தினந்தோறும் உண்டேன். மறுபடியும் விரலில் குத்தினார்கள். 10.8. என் சுண்டலால் வந்த ஏற்றம் என்று மார்தட்டிக்கொண்டேன். “பெரும்பாலும் மாத்திரையாலதான். ஆனா ஏறினதை இறங்காம வெச்சுக்கிறது உன் சாப்பாடுதான்” என்றார் டாக்டரம்மா. அம்மா சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு, தானும் கையை நீட்டிக் குத்திக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவுக்கு 8.7 என்று வந்தது.

அன்று இரவு ஆயா வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகக் கடலை ஊற வைத்தார். பாத்திரம் சிறியது என்பதால் இரண்டு பாத்திரம். எனக்கும் அம்மாவுக்கும் அடுத்த பரிசோதனை பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம்.